வெடிக்காத வெடிக்குப் பயந்த செவலை

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையும் என் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். வண்டி ஓட்டுவீர்களா, மாடிப்படி ஏறுவீர்களா, வேறு என்ன உடற்பயிற்சி செய்வீர்கள் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "குதிரை ஓட்டுவேன்" என்று நான் சொன்னதும் அப்படி நிறுத்தினார். விருதுநகரில் அவரிடம் வருகிற பெண்கள் யாரும் அந்தப் பதிலைச் சொன்னதில்லை போலிருக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு குதிரை கூடாது, இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஸ்கூட்டி கூட வேண்டாம் என்றார். குதிரையையும் ஸ்கூட்டியையும் ஒரே மூச்சில் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேச ஒன்றுமில்லை. குதிரையிலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும். நான் விழுந்திருக்கிறேன்.

கோயம்புத்தூரில் கல்லூரியில் படித்தபோது பழகிய வித்தை அது. மிளகாய் வற்றலும் பருப்பும் மொத்த வியாபாரம் செய்கிற விருதுநகர் வீட்டில் பிறந்து, சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிற வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் நான். கல்யாணமான மறுவருடம் நானும் அவரும் அந்தியூர்க் குதிரைச் சந்தைக்குப் போய் ஒரு பெண் குதிரையைப் பிடித்து வந்தோம். நெற்றியில் வெள்ளைக் கீற்று, மற்றபடி உடம்பெல்லாம் செவலை. அதனால் அவளைச் செவலை என்றே கூப்பிட்டோம். ஆமத்தூர்ப் பக்கம் எங்களுக்கு ஒரு தோட்டம் உண்டு. அங்கே தகரம் போட்டு ஒரு லாயம் கட்டினோம். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் அக்கா கொள்ளு வேகவைப்பதிலிருந்து லத்தி அள்ளுவது வரைக்கும் எல்லாவற்றையும் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். நான் தினமும் காலையில் ஒரு சுற்றுப் போய்விட்டு, குளித்துக் கிளம்பி, எங்கள் லேபிள் அச்சகத்துக்குப் போய் புரூஃப் பார்க்க உட்கார்ந்துவிடுவேன்.

வீட்டில் ரெண்டு கார் நிற்கும்போது குதிரை எதற்கு என்று என் மாமனார் முதலில் கேட்டது உண்மைதான். ஆனால் அவர் வியாபாரி. எதற்கு எந்த இடத்தில் மதிப்பு என்று கண்டுபிடித்துவிடுவார். சீசனுக்கு முன்னால் வெளி மாநிலத்திலிருந்து ஏஜெண்டுகள் ஆர்டர் கொடுக்க வருவார்கள். அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போய்ச் சாப்பாடு போட்டு, புதுச் சரக்கில் சாம்பிள் வெடித்துக் காட்டுவது எங்கள் கம்பெனி வழக்கம். அப்போது செவலையைக் கொஞ்ச தூரத்தில் கட்டச் சொல்வார். ஆள் திரியைப் பற்றவைப்பார், ஓடி வருவார், எல்லோரும் காதைப் பொத்திக்கொள்வார்கள், வெடி வெடிக்கும், செவலை புல்லைத் தின்றுகொண்டே இருப்பாள். "எங்க வீட்டுக் குதிரை. சிவகாசித் தண்ணி குடிச்சது" என்பார் மாமனார். ஏஜெண்டுகள் கைதட்டுவார்கள். அந்த மரியாதையில்தான் செவலை இரண்டு சீசன் ஓட்டினாள்.

ஏறக்கூடாது என்று ஆன பிறகு முதல் சில வாரம் நான் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. வாந்தி ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். யார் மேல் கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குழந்தை வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தான். அந்த ஆசையில் இப்போதும் ஒரு பொட்டுக் குறைவில்லை. ஆனால் பார்க்கிறவர்கள் எல்லோரும், பிள்ளை பிறந்துவிட்டால் குதிரையெல்லாம் மறந்து போய்விடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறந்துபோகிற ஆளாக நான் மாறிவிடுவேன் என்பதை இவ்வளவு சந்தோஷமாக ஏன் சொல்கிறார்கள் என்று எரிச்சலாக வந்தது.

வாந்தி நின்றதும் கிளம்பிவிட்டேன். மாமியார் வாசல் வரை வந்து, லாயத்துக்குள் போகக்கூடாது, குதிரையின் பின்னங்கால் பக்கம் நிற்கக்கூடாது, தோட்டத்து அக்கா இல்லாமல் கயிற்றைத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். எல்லாம் நியாயமான கட்டளைகள்தான், ஒப்புக்கொண்டேன். தோட்டத்தில் வேப்பமரத்தடியில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். என் கணவர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடுவில் நிற்க, செவலை அவரைச் சுற்றி வட்டம் வருவாள். நான் நாற்காலியிலிருந்து "நட", "ஓடு", "இரு" என்று குரல் கொடுப்பேன். அவருக்குக் கயிறு பிடிப்பது மட்டும்தான் வேலை, குதிரை ஓடுவது என் வார்த்தைக்கு. இதில் அவருக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு.

குதிரைக்குக் கர்ப்பம் தெரியும், வயிற்றை முகர்ந்து பார்க்கும் என்றெல்லாம் யார் யாரோ சொன்னார்கள். செவலை அப்படி எதுவும் செய்யவில்லை. என் கையைத்தான் முகர்ந்தாள், கருப்பட்டி இருக்கிறதா என்று. நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அவளை நான் முழுதாகப் பார்த்தேன். மேலே ஏறி உட்கார்ந்தால் நமக்குத் தெரிவது இரண்டு காதும் கொஞ்சம் பிடரியும்தான், மீதியெல்லாம் நம் தொடைக்குத்தான் தெரியும். கீழேயிருந்து பார்க்கும்போது எந்தக் கால் முதலில் கிளம்புகிறது, எப்போது மூக்கு விரிகிறது, ஈ உட்காராமலே தோல் எங்கே சிலிர்க்கிறது என்று எல்லாம் தெரிந்தது. அவ்வளவு நாளும் இவள் முகத்தைப் பார்க்காமலே இவளோடு பழகியிருக்கிறேனே என்று நினைத்துக்கொண்டேன்.

என் கொழுந்தனுக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண் கோவில்பட்டிப் பக்கம், தீப்பெட்டிக் கம்பெனி வீடு. ஒருநாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது மாமனார் பேச்சை எடுத்தார். வளைகாப்பு முடிந்ததும் நான் பிரசவத்துக்கு விருதுநகர் போய்விடுவேன். திரும்பி வரும்போது கையில் பிள்ளை இருக்கும். அதுவரைக்கும் குதிரையை யார் பார்ப்பது, அதற்குப் பிறகும் யார் பார்ப்பது? மதுரையில் கல்யாண ஊர்வலங்களுக்குக் குதிரை வாடகைக்கு விடுகிற ஒருவர் செவலையைக் கேட்டுக்கொண்டிருக்கிறாராம். கொடுத்துவிடலாம் என்று அவருக்குத் தோன்றுகிறதாம்.

வாடகைக் குதிரைகளை நான் பார்த்திருக்கிறேன். முகூர்த்த நாளில் ஒரு மண்டபத்திலிருந்து இன்னொரு மண்டபத்துக்குத் தார் ரோட்டில் ஓட்டிப் போவார்கள். செவலையை விடமாட்டேன் என்று சொன்னேன். அழுதுகொண்டு சொல்லவில்லை, உப்பு போதவில்லை என்று சொல்கிற குரலில்தான் சொன்னேன். மாமனாரிடம் அழுதால் இரக்கப்படுவார், ஆனால் முடிவை மாற்றமாட்டார். நேருக்கு நேர் பேசினால்தான் பேரத்துக்கு வருவார். வந்தார்.

"சரிம்மா, ஒண்ணு செய்வோம். இவன் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குச் செவலையில ஏத்துவோம். கோயில்ல இருந்து மண்டபத்துக்கு நல்லபடியாக் கொண்டு வந்து சேத்துட்டா, அது நம்ம வீட்டுக் குதிரை. யாரும் தொடமாட்டாக. நடுவுல ஒரு இடத்துல மிரண்டாலும் மறுவாரம் மதுரைக்கு ஏத்திருவேன். என்ன சொல்ற?"

நான் யோசிக்கக்கூட இல்லை, சரி என்றேன். வெடிச் சத்தத்தில் புல் தின்கிற குதிரைக்கு ஊர்வலம் ஒரு பொருட்டா? என் கணவர் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார். அவசரப்படாதே என்று அர்த்தம். நான் காலை நகர்த்திக்கொண்டேன்.

கொழுந்தன்தான் பெரிய தொல்லையாக இருந்தான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து முதுகு வளைந்த பிள்ளை. சேணத்தில் ஏற்றினால் இரண்டு கையாலும் பிடரியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். "மதினி, இது என்னயப் பாத்து மூஞ்சியத் திருப்புது" என்று புகார் வேறு. உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவளும் திருப்பாமல் இருந்தால் சரிதான் என்றேன். கடிவாள வாரைப் பிடுங்கிக்கொண்டு, கையை இடுப்பில் வைத்து உட்காரச் சொல்லி, வட்டத்தில் விட்டேன். மெல்ல மெல்ல அவன் இடுப்பு குதிரையின் நடைக்கு இணங்க ஆரம்பித்தது. ஒருநாள் அவன் அறியாமலே சிரித்துக்கொண்டு ஓட்டினான். அதைப் பார்த்தபோது எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், நான்தானே கற்றுக்கொடுத்தேன்? வயிறெரிந்தது. என் குதிரையில் இன்னொருவன் சிரித்துக்கொண்டு போகிறான், நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மாதுளம்பழம் உரித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அவனை ஒரு சுற்று அதிகமாக ஓடவிட்டேன்.

ஊர்வலத்துக்குப் பழக்க வேண்டும் என்று ஒரு காலையில் வெடி வைத்துப் பார்த்தோம். என் கணவர் குடோனில் கிடந்த ரிட்டர்ன் சரக்கில் ஒரு பெட்டியைத் தூக்கி வந்திருந்தார். நான் தூரத்தில் காற்றுக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்திருந்தேன். கொழுந்தன் செவலை மேல் இருந்தான். முதல் வெடி வெடித்தது, அவள் அசையவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்கு என் கணவர் பற்றவைத்துவிட்டு ஓடி வந்தார், எல்லோரும் காதைப் பொத்தினோம், திரி எரிந்து உள்ளே போயிற்று. கொஞ்சம் புகை வந்தது. அவ்வளவுதான்.

செவலை பாய்ந்துவிட்டாள். பக்கத்து மக்காச்சோளக் கொல்லை வரைக்கும் போய், கொழுந்தனைப் பயிருக்குள் இறக்கிவிட்டு, வரப்பைத் தாண்டிப் போய் நின்றாள். அவனுக்குச் சிராய்ப்போடு போயிற்று. ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் சேதி மாமனார் காதுக்குப் போய்விட்டது. சத்தமே இல்லாதபோது மிரண்ட குதிரையை எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். கேள்வி சரியாகத்தான் இருந்தது.

அதற்குப் பதில் என்னிடம் இருந்தது. நான் செவலையின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெடி வெடிக்கும்போது அவள் வெடியைப் பார்ப்பதில்லை, மனிதர்களைப் பார்க்கிறாள். ஆள் ஓடி வந்ததும் அவள் காது முன்னால் வரும், கை காதுக்குப் போனதும் கழுத்துத் தோல் இறுகும், சத்தம் வந்ததும் எல்லாம் தளர்ந்து, வாய் புல்லுக்குப் போகும். எங்களைப் பார்த்துத்தான் அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள். நாங்கள் காதைப் பொத்தினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் முடிந்தது. மாமனார் ஏஜெண்டுகளுக்குக் காட்டுகிற சாம்பிள் ஒவ்வொன்றும் போர்மேன் கையால் பொறுக்கி எடுத்தது, ஒன்றுகூடப் பொய்த்ததில்லை. வெடிக்காத வெடி என்று உலகத்தில் ஒன்று இருக்கிறது என்பதே செவலைக்குத் தெரியாது. அன்று காலையில் முதன்முதலாக, எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு நிற்க, வர வேண்டியது வரவில்லை. அவள் பயந்தது அதற்குத்தான். மேலே உட்கார்ந்திருந்தால் இதை நான் பார்த்திருக்கவே முடியாது, நானும் மக்காச்சோளத்துக்குள்தான் கிடந்திருப்பேன்.

இதை வீட்டில் எடுத்துச் சொன்னேன். சொல்லிவிட்டு, அவளைப் பழக்குவதற்கு எனக்கு வெடிக்காத வெடி கொஞ்சம் வேண்டும் என்று கேட்டேன். மருந்து போடாமல் குழாயில் திரி மட்டும் சொருகிக் கொடுத்தால் போதும்.

மாமனார் தட்டிலிருந்து கையை எடுத்தார். "நம்ம கம்பெனிச் சரக்கு எது வெடிக்காமப் போயிருக்கு?"

குடோனில் கிடந்தது என்றேன். அது ரிட்டர்ன், கடைக்காரன் மழையில் போட்டு நமத்துப் போனது, நம் சரக்கு அப்படிப் போகாது என்றார். நம் வெடி எல்லாம் வெடிக்கும், ஆகவே குதிரை பயப்பட ஒன்றுமில்லை, ஆகவே அது மிரண்டது குதிரையின் குற்றம். இதுதான் அவர் கணக்கு. சிவகாசியில் பட்டாசு செய்கிறவரைத் தவிர வேறு யாரும் இப்படிக் கணக்குப் போடமாட்டார்கள். அதை உடைக்கவும் முடியாது, ஏனென்றால் உடைப்பதற்கு முன்னால் அவர் சரக்கைக் குறை சொல்ல வேண்டும்.

மாமியாருக்கு வேறு கவலை. "மாசமா இருக்கவ வெறுங்குழாயக் கையில எடுக்கலாமாம்மா? உள்ள ஒண்ணுமில்லாதத வச்சுப் பத்தவைக்கிறதாம். கேக்கவே நல்லாயில்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் சொன்னதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. ஆனாலும் ஒரு நிமிடம் என் கை தானாக வயிற்றுக்குப் போனது.

பிறகு எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் சத்தம் போடுவதில்லை, வியாபாரம் பேசுவேன். "சரி மாமா, நீங்க சங்கடப்பட வேண்டாம். நாரணாபுரத்துல வேற கம்பெனி வெடி ஒரு பெட்டி வாங்கிக்கிறேன். அவுக சரக்குல எப்படியும் நாலஞ்சு புஸ்ஸுன்னு போகும்ல? அத வச்சுப் பழக்கிக்கிறேன்" என்றேன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கொழுந்தனுக்குப் புரையேறியது. எங்கள் வீட்டு மருமகள் அடுத்த கம்பெனி வெடியைக் கடையில் நின்று வாங்கினால் மறுநாள் சிவகாசி முழுக்க அதுதான் பேச்சு. மாமனார் மோரை ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார், கை கழுவினார், துடைத்துக்கொண்டார்.

"வெறுங்குழாய் எம்புட்டு வேணுமோ எடுத்துக்க. நம்ம லேபிள் மட்டும் அதுல இருக்கக் கூடாது."

லேபிளுக்குப் புரூஃப் பார்ப்பவளே நான்தான், ஒட்டமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அடுப்படிக்குள் போய் மாமியாரிடமும் பேசினேன். குழாயை நான் தொடமாட்டேன், அவர் மகன் தொடட்டும், கருப்பட்டி கொடுக்கிற வேலை மட்டும் என்னுடையது என்று முடிவாயிற்று. மறுநாள் காலையில் கருப்பட்டியை நெல்லிக்காய் அளவுக்கு உடைத்து ஒரு டப்பாவில் போட்டு அவரே என் பையில் வைத்தார்.

பழக்கியது இப்படித்தான். தோட்டத்து அக்கா செவலையைப் பிடித்துக்கொள்வார். என் கணவர் வெகுதூரத்தில், வெள்ளைக் குழாயில் திரியைப் பற்றவைத்துவிட்டு ஓடி வந்து காதைப் பொத்துவார். நாங்களும் பொத்துவோம். திரி அணையும், ஒன்றும் நடக்காது. செவலை உடம்பை முறுக்குவாள், நான் "இரு" என்பேன், கையை இறக்கிக் கருப்பட்டியை நீட்டுவேன். ஆரம்பத்தில் அவளுக்கு நான் ஒருத்தி நிற்பதே தெரியவில்லை, அக்கா கயிற்றோடு இழுபட்டுப் போவார். பிறகு கண் என் பக்கம் திரும்பத் தொடங்கியது. நாள்பட நாள்பட வெடியைக் கிட்டே கொண்டுவந்தோம். நிஜ வெடியையும் வெறுங்குழாயையும் கலந்து வைத்தோம். வெடித்தால் ஒன்றும் கிடையாது, வெடிக்காவிட்டால் கருப்பட்டி. இந்த நியாயத்தை அவள் புரிந்துகொண்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரி அணைந்ததும் உதட்டை அசைத்துக்கொண்டு என்னைத் தேடினாள். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன். என் வயிறு நடுவில் இடித்தது, இருவரும் சிரித்தோம்.

கல்யாண நாள் வந்தது. மாப்பிள்ளை அழைப்பு பொழுது சாய்கிற நேரத்தில் கோயில் வாசலிலிருந்து கிளம்பியது. நாதஸ்வரம், பேண்டு, கூட்டம். கொழுந்தன் கோட்டு சூட்டில் நேராக உட்கார்ந்திருந்தான். கண் திறந்திருந்தது, அதுவே பெரிய விஷயம். என் கணவர் கயிற்றைப் பிடித்து நடந்தார். நான் பட்டுச் சேலையில், பெண்களோடு பெண்களாக, கைப்பையில் கருப்பட்டி டப்பாவோடு நடந்தேன். சரவெடி வெடித்தது, வாணம் போயிற்று, செவலை தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். மண்டபம் தெரிந்தபோது எனக்கு மூச்சு லேசானது.

மண்டப வாசலில் மாமனார் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அந்த சீசனுக்கு நாங்கள் புதிதாகக் கொண்டுவந்த பெரிய வெடி. சம்பந்தி வீட்டார் முன்னால் முதல் வெடியை அவரே தன் கையால் வைக்க வேண்டும் என்று ஆசை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சம்பந்தி கம்பெனித் தீக்குச்சியில் பற்றவைத்த நீள ஊதுபத்தியால் திரியைத் தொட்டார். அவர் எப்போதும் ஓடமாட்டார், நிதானமாக நடந்து வந்து திரும்பி நின்று காதைப் பொத்தினார். மேளக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். கூட்டம் முழுக்கக் காதைப் பொத்தியது. திரி எரிந்து உள்ளே போயிற்று. நாங்கள் நின்றோம். இன்னும் நின்றோம்.

வெடிக்கவில்லை.

அந்த லேபிளை நான்தான் திருத்தினேன், சிவப்பு எழுத்தும் தங்க வளையமும் எனக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் நான் அதைப் பார்க்கவில்லை. செவலையின் காது முன்னால் வந்து நின்றதைப் பார்த்தேன். கழுத்து இறுகியது. கொழுந்தன் பிடரியைப் பிடிக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்தபடி கையை இறக்கியே வைத்திருந்தான். "இரு" என்று நான் சொன்னது என் காதுக்கே கேட்கவில்லை. இவ்வளவுதான், இனி என் கையில் ஒன்றுமில்லை என்று நினைத்தேன். செவலை பெருமூச்சு விட்டாள். தலையைத் திருப்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு மாப்பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு, ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களைச் சுற்றிக்கொண்டு நிதானமாக என்னிடம் நடந்து வந்து, என் கைப்பையை மூக்கால் முட்டினாள். கயிற்றைப் பிடித்திருந்த என் கணவர் பின்னாலேயே வந்தார்.

கூட்டம் சிரித்தது. தீப்பெட்டிக் கம்பெனிச் சம்பந்தி, தங்கள் குச்சி பற்றிக்கொண்டது, மிச்சத்துக்குத் தாங்கள் பொறுப்பில்லை என்று சொன்னதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று. போர்மேன் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து வெடியின் மேல் ஊற்றினார். எல்லோரும் கையை இறக்கிய பிறகும் மாமனார் மட்டும் காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தார். முகம் சுண்டிப் போயிருந்தது. அவரை அப்படி நான் பார்த்ததேயில்லை. பாவமாக இருந்தது.

அவர் மெல்ல என்னிடம் வந்தார். ஏதோ திட்டப்போகிறார் என்று நினைத்துத் தயாராக நின்றேன். கையை நீட்டினார். "அந்தக் கருப்பட்டியக் குடும்மா" என்றார். கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்துச் செவலையிடம் நீட்டினார், அவள் எடுத்துக்கொண்டாள். அவர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "வெடிக்காததும் நம்ம சரக்குதாம்மா."

மதுரைக்காரர் பேச்சு அதற்குப் பிறகு வீட்டில் எழவில்லை. வளைகாப்பு முடிந்து, கை நிறைய வளையலோடு நான் விருதுநகருக்குப் போனேன். போகிற வழியில் ஆமத்தூரில் காரை நிறுத்தச் சொல்லி, செவலையிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாள் வந்தது, போயிற்று. வலி வரவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது, பொறுத்திருப்போம் என்று அவர் சொன்னார். ஆனால் பிறந்த வீட்டில் ஆளாளுக்கு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்தால் எழுந்தார்கள், உட்கார்ந்தால் உட்கார்ந்தார்கள். எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிப்பாக வந்தது. காலையில் எழுந்ததும் மாமனாரிடமிருந்து போன் வரும். இன்னும் இல்லையா என்று கேட்கமாட்டார். சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார்.

ஒரு காலையில் அவர் பேசும்போது பின்னால் ஒரு சத்தம் கேட்டது. மூக்கைச் சீறுகிற சத்தம், அதற்குப் பிறகு கொள்ளு மெல்லுகிற சத்தம். எனக்குத் தெரியாத சத்தமா அது?

"மாமா, எங்கன இருக்கீக?"

அவர் சொன்னார்: "வீட்டுல இருக்க முடியலம்மா. எல்லாரும் காதப் பொத்துன மாதிரியே அலையுதாக. இங்கன வந்தா இது ஒண்ணுதான் சும்மா நிக்கிது. அதான் தினமும் வந்து இதுகூட நிக்கேன்."